ஏபிஎல் தெரிந்தவளுக்கு ஜே எளிது

எளிது என்றுதான் சொன்னார்கள். ஏபிஎல் தெரிந்தவளுக்கு ஜே எளிது, இரண்டும் ஒரே குடும்பத்துக் கணினி மொழிகள், மூத்ததைப் பழகியவள் இளையதை ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்வாள் என்று பெங்களூர்க்காரர் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், வேலை கொடுக்கிறவரிடம் சிரிக்கக் கூடாது. ஆனால் இதே பேச்சை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன், வேறொரு காரியத்துக்காக, அம்மாவின் வாயால், முசிறி வீட்டுக் கூடத்தில், அக்காவின் பதினாறாம் நாள் முடிந்து பந்தியில் இருந்தவர்கள் கைகழுவிக்கொண்டிருந்தபோது. தெரிஞ்ச வீடு, தெரிஞ்ச மனுஷன், புதுசா என்னடி கத்துக்கப் போற. சரி, அதை விடு. படிக்கிற வேலையைப் பார். வீடே மதியச் சாப்பாடு முடிந்து படுத்துவிட்டது. இன்று அக்காவின் திதி, நாலாவது வருஷம், படையல் போட்டுக் கும்பிட்டு பாயசம்வரை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. அம்மா உள்ளறையில் ஆதிரையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். ஆதிரை அக்கா பெற்ற பெண், எட்டு வயது, அவள் தூங்கவில்லை, தூங்குவதாக நடிக்கிறாள்; கால் கட்டைவிரல் ஆடுவது இங்கிருந்தே தெரிகிறது. கூடத்து சோபாவில் ஒரு கையை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு படுத்திருப்பவர் ஆதிரையின் அப்பா. அக்காவின் கணவர். என் கணவர். மூன்றும் ஒரே ஆள்தான், பெயர் குணசீலன், நான் கூப்பிடுவது மாமா என்று. அக்கா புருஷனாக இருந்தபோதும் மாமா, எனக்குத் தாலி கட்டிய பிறகும் மாமா, அதைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. நான் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஜே படிக்கிறேன். திங்கட்கிழமை பெங்களூருக்குப் பதில் சொல்ல வேண்டும், வருகிறேனா இல்லையா என்று. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் எழுந்ததும் சொல்லிவிட வேண்டும். படையல் நாளில் போய்ச் சொல்கிறாயே என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள், அடித்துக்கொள்ளட்டும்.

முதல் பக்கத்தில் எல்லாமே தெரிந்த முகங்கள். வரிசையாக நூறு எண்கள் இருந்தால் நூறையும் ஒரே பொருளாக எடுத்துக்கொள்ளும், ஒன்று கூட்டு என்றால் நூறிலும் ஒன்று கூடிவிடும், ஒவ்வொன்றாகக் கைபிடித்து அழைத்துப்போக வேண்டியதில்லை, ஏபிஎல்லும் அப்படித்தான். வலது ஓரத்திலிருந்து கணக்குப் போடும், ஏபிஎல்லும் அப்படித்தான். பத்து கழித்தல் மூன்று கழித்தல் இரண்டு என்றால் பள்ளிக்கூடத்தில் விடை ஐந்து. இங்கே முதலில் வலப்பக்கம், மூன்றில் இரண்டு போனால் ஒன்று, பத்தில் அந்த ஒன்று போனால் ஒன்பது. இந்த ஒன்பதுக்கு நான் பழகப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்போது அக்கா இருந்தாள். விடுமுறைக்கு இங்கே வந்து இதே மேசையில் உட்கார்ந்து நான் படித்துக்கொண்டிருந்தால் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்துச் சிரிப்பாள். ஏபிஎல்லுக்கென்று தனிக் குறிகள் உண்டு, வட்டம், முக்கோணம், வால் வைத்த கோடு, சாதாரண விசைப்பலகையில் அகப்படாது. "என்னடி வசு இது, மையில விழுந்த எறும்பு ஊர்ந்து போன மாதிரி இருக்கு. இதுக்குப் போயி சம்பளம் குடுக்கறானா?" குடுக்கறான் அக்கா. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஓய்வூதியக் கணக்கு, எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று ஓர் அட்டவணை, அந்த அட்டவணையை எறும்புக் குறிகளால் பெருக்கிக் கூட்டிக் கொடுப்பதுதான் என் உத்தியோகம். முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒரு வருஷத்துக்குள் சாவதற்கு அந்த அட்டவணையில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்தால் யாரும் பயப்பட மாட்டார்கள், புள்ளிக்குப் பின்னால் அத்தனை சைபர். அக்காவுக்கு முப்பத்து நான்கு. ஒரு டெங்கு. இரத்தத்தில் தட்டணு குறைகிறது குறைகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவள் போன பிறகும் அந்த வரியை நான் வாரத்துக்கு நாலு தடவை கணக்கில் தொட வேண்டியிருக்கிறது, தொடுகிறேன், எண் மாறவே இல்லை, அவளைச் சேர்த்துக்கொண்டதாகவே தெரியவில்லை.

ஜேவில் எறும்பு இல்லை. சாதாரண விசைப்பலகையில் இருக்கிற குறிகளையே எடுத்துப் பக்கத்தில் ஒரு புள்ளியோ இரண்டு புள்ளியோ வைத்துச் சமாளித்துக்கொள்கிறது, அந்த மட்டில் சௌகரியம். ஆனால் அதிலேதான் என் விரல்கள் இடறுகின்றன. இப்போதுதான் இடறின. இரண்டு, நட்சத்திரக் குறி, மூன்று என்று அடித்தேன். ஏபிஎல்லில் நட்சத்திரம் என்றால் அடுக்கு, இரண்டை மூன்று தடவை பெருக்கினால் எட்டு. ஜேவில் நட்சத்திரம் வெறும் பெருக்கல். ஆறு வந்து நின்றது. எட்டு எங்கே என்று நான் திரையைப் பார்க்கிறேன், ஆறு என்னைப் பார்க்கிறது. பிழை என்று ஒரு வார்த்தை வரவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேற்று மொழியாக இருந்தால், முற்றிலும் அன்னியமாக இருந்தால், புரியவில்லை என்று கத்தியிருக்கும், நானும் ஓ, நீ வேறு ஆள் என்று விலகி உட்கார்ந்து முதலிலிருந்து படித்திருப்பேன். சொந்தமாகப் போனதால் கத்தாது. கேட்டதற்கு ஏதோ ஒரு பதிலைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கும். கேட்டவள் எட்டு என்று நினைத்துக்கொண்டு மேலே போய்விடலாம், இருபது வரி தள்ளி எதுவோ இடிக்கும்போதுகூட இந்த நட்சத்திரத்தைச் சந்தேகப்படத் தோன்றாது. ஒன்றே ஒன்றுக்குத்தான் இவை கத்தும். ஐந்து எண்ணுள்ள வரிசையோடு ஆறு எண்ணுள்ள வரிசையைக் கூட்டச் சொன்னால் நீளம் பொருந்தவில்லை என்று இரண்டு மொழியுமே கத்தும். நீளம் மட்டும் சரியாக இருந்துவிட்டால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காது. அக்காவின் ரவிக்கைகள் எனக்கு அப்படியே பொருந்தின. ஒரு தையல் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் அம்மா அலமாரியைத் திறந்து போட்டுக் காட்டி, "பாரேன், உனக்குத் தச்ச மாதிரியே இருக்கு" என்றாள், சந்தோஷமாகத்தான் சொன்னாள், சொல்லிவிட்டு அந்த அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். அவளை நான் என்ன சொல்ல முடியும்.

அவர் ஒருநாளும் என்னைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டதில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். இந்து என்று அக்காவின் பெயர் ஒரு தடவை, தூக்கக் கலக்கத்தில்கூட வந்ததில்லை, வசு வசு என்றுதான். பெயரைத் தவிர மற்றது எல்லாம் இந்து. காலையில் முதலில் எழுவது அவர், காபி போடுவது அவர், இந்தத் தெருவில் எத்தனை ஆம்பளை அதைச் செய்வான், டிகாஷன் தூக்கலாக, சர்க்கரை இல்லாமல், நுரை ததும்ப என் கையில் கொண்டுவந்து கொடுப்பார். எனக்கு இரண்டு கரண்டி சர்க்கரை வேண்டும். கல்யாணமான முதல் நாள் காலை, அந்தக் கசப்பை வாயில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் சவரம் செய்யாத முடி, கண் வீங்கியிருந்தது. எப்படிச் சொல்வேன்? குடித்தேன். குடித்துவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு கரண்டி சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான், காபி அங்கே, சர்க்கரை இங்கே, வயிற்றுக்குள் போய் அவை கலந்துகொள்ள வேண்டியதுதான். சர்க்கரை சீக்கிரம் தீர்ந்துபோகிறதே என்று அவர் ஆதிரையைச் சந்தேகப்பட்டு அதட்டினார் ஒருநாள். தலைவலி என்றால் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து நெற்றியில் தேய்ப்பார், எனக்குத் தைல வாசனை குமட்டும், அக்காவுக்கு அது இல்லாமல் தூக்கம் வராது. பேருந்தில் சன்னலோரத்தை எனக்கு விடுவார், எனக்கு எதிர்க்காற்று ஆகாது. மீன் வாங்கினால் தலை எனக்கு. அத்தனையும் அன்பு. அதில் ஒரு குன்றிமணி பொய் கிடையாது. கெட்டவராக இருந்து தொலைத்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். சண்டை போடலாம். தனக்குப் பிடித்ததை எல்லாம் ஒருவர் நம்மீது திணித்தால் திருப்பித் தள்ளலாம். செத்துப்போன அக்காவுக்குப் பிடித்ததைக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நீட்டுகிறவரின் கையை எப்படித் தட்டிவிடுவது? தட்டினால் அவள் இன்னொரு தரம் கீழே விழுவாள்.

அதோ நாற்காலியில் புடவை. கடைப் பையிலிருந்து எடுத்து, படையலில் வைத்து, குங்குமம் வைத்து, மறுபடியும் மடித்துப் பையிலேயே வைத்திருக்கிறது. சுமங்கலியாகப் போனவளுக்குத் திதி நாளில் புதுப் புடவை வைப்பது எங்கள் வழக்கம். படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டதும் அந்தப் புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி சாயந்தரம் விளக்கேற்றுவதற்குள் கட்டிக்கொள்ள வேண்டும், அவளே வந்து கட்டிக்கொண்டதாக அர்த்தம். வேறு எந்தப் பெண் இருக்கிறாள் இந்த வீட்டில்? ஒவ்வொரு வருஷமும் நான்தான். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. மாமா தானே தி.நகர் போய், கூட்டத்தில் இடிபட்டு, கடைப் பையன் நூறு காட்டினாலும் அசையாமல் இதைத் தேடி எடுத்து வருவார், அக்காவுக்கு இந்த மஞ்சள்தான், இது இல்லாமல் ஒரு கல்யாணம் காட்சிக்குப் போக மாட்டாள். சரி, படையலுக்கு அவளுக்குப் பிடித்ததுதானே வாங்க வேண்டும். ஆனால் போன தீபாவளிக்கு எனக்கென்று தனியாக ஒன்று வாங்கி வந்தார், கண்ணை மூடு என்றார், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக விளையாட்டாகப் பேசுகிறாரே என்று ஆசையாகக் கண்ணை மூடினேன், கையில் பையின் கனம், திறந்தேன். மாம்பழ மஞ்சள். "உனக்குப் பிடிக்குமேன்னு" என்றார். எனக்குப் பிடித்தது பாசிப் பச்சை. பள்ளிக்கூட நாளிலிருந்தே. அம்மாவுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், ஒன்றாக அடித்துப் பிடித்து வளர்ந்தவர்களுக்குத் தெரியாதா, இப்போது ஒருத்தி இல்லை, இன்னொருத்தி சொல்ல மாட்டாள். நன்றாக இருக்கிறது மாமா என்றேன். கேட்டது எட்டு, கொடுத்தது ஆறு, சத்தமில்லை.

படி, படி. எங்கே விட்டேன்? வரிசையிலிருந்து ஓர் எண்ணை எடுப்பது. ஏபிஎல்லில் முதல் ஆளுக்கு எண் ஒன்று. ஜேவில் முதல் ஆளுக்கு எண் சைபர், ஒன்று என்றால் இரண்டாவது ஆள். இதற்கும் கத்தாது. ஏபிஎல் பழக்கத்தில் ஒன்றைக் கொடு என்று கேட்டால் பேசாமல் இரண்டாவதை எடுத்து நீட்டும், கேட்டவள் முதலாவது வந்துவிட்டது என்று வாங்கிக்கொண்டு போவாள். இந்த இடத்தில் நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அடுப்படியில் கழுவ வேண்டிய பாத்திரம் குவிந்து கிடக்கிறது, கத்திரிக்காய்ப் புளிக்குழம்புச் சட்டி மட்டும் வழித்துத் துடைத்த மாதிரி காலி. ஆமாம், அது. மதியத்திலிருந்து என்னைக் குடைகிறது. இந்த வீட்டில் நான் கத்திரிக்காய் வாங்கியதே இல்லை. அவருக்குக் கத்திரிக்காய் ஆகாதுடி, கண்ணில் பட்டாலே மூஞ்சி சுருங்கும் என்று அக்கா எப்போதோ போனில் சொன்னதை மந்திரம்போலப் பிடித்துக்கொண்டு, வந்த நாளிலிருந்து காய்காரரிடம் கத்திரிக்காய் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. இன்று அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பிஞ்சுக் கத்திரிக்காயை, வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, சமைத்துவிட்டாள். பந்தியில் உட்கார்ந்து மாமா அதை மூன்று தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் கரண்டியும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தப்பாகச் சொன்னாளா, அவளிடம் அவர் ஏதோ கோபத்தில் ஒருநாள் சொன்னதா, அவளுக்கு நறுக்கச் சோம்பலா, இல்லை மனுஷனுக்கு நாக்கு மாறிப்போனதா? கேட்கலாமே. வாயைத் திறந்து கேட்டால் தெரிந்துவிடும். நான் கேட்டதில்லை. ஆபீசிலிருந்து வந்ததும் அவரிடம் பேச்சுக் கொடுக்காதே என்று அக்கா சொல்லியிருந்தாள், கொடுக்கவில்லை. சண்டை என்றால் அவரே இறங்கி வருவார், நீ பேசாமல் இரு என்று சொல்லியிருந்தாள், சண்டையே இல்லை, இருந்தாலும் பேசாமல் இருந்தேன். அவர் அவளை வைத்து என்னைப் படிக்கிறார் என்று இத்தனை நேரம் மூக்கைச் சிந்தினேனே, நான் எதை வைத்து அவரைப் படித்தேனாம்? இரண்டு பேரும் ஒரே பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம்.

ஒன்றே ஒன்று அதில் இல்லாதது. அதை நான்தான் கண்டுபிடித்தேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போடும்போது சட்டையோடு பேசுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில், கட்டிலின்மேல் போர்வையை மடித்துப் போட்டு, குனிந்து நின்றுகொண்டு, யாரும் பக்கத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டு. "வாடா இப்படி, கையக் குடு, ஏன் மொரண்டு பண்ற" என்று சட்டைக் கையை நீவுவார். "காலர் மட்டும் மொறப்பா நிக்குதா, இரு இரு" என்பார். முதல்முறை கேட்டபோது நான் கதவுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன், சிரிப்பை அடக்க மடித்த துண்டை வாயில் கடித்துக்கொண்டேன். அன்று முழுக்க அக்கா இதை எனக்குச் சொன்னாளா சொன்னாளா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். எல்லாம் சொல்லுவாள், மனுஷன் குறட்டை விடுவதுவரை சொல்லுவாள், இதைச் சொன்னதே இல்லை. ஒருவேளை அவள் காலத்தில் இது கிடையாது. அவளோடு பேசிக்கொண்டிருந்தவருக்குச் சட்டையோடு பேச என்ன அவசியம்? அப்படி நினைத்ததும் சிரிப்பு போய்விட்டது, அதே இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்து போகவில்லை. சொல்லிவிடுகிறேன், இங்கே யார் கேட்கப்போகிறார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. ஆதிரைக்காக இல்லை, அம்மாவுக்காக இல்லை, ஊர் வாய்க்காக இல்லை. குனிந்து நின்று சட்டைக் கையோடு மல்லுக்கட்டும் அந்த மனுஷனை. புருஷனைப் பிடித்திருக்கிறது என்பதை இப்படித் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்து வைத்துக்கொண்டிருக்கும் பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவருக்கு முன்னால் எடுத்து வைத்தால், இதுவும் இந்துவுடையதுதானே என்று வாங்கி உள்ளே வைத்துவிடுவாரோ என்று பயம்.

வலது ஓரத்திலிருந்து போட்டுப் பார்க்கலாம், இந்தக் கணக்கையும். கடைசியில் நிற்பது இன்று, புடவை, பெங்களூர். அதற்கு இடப்பக்கம் பெங்களூரிலிருந்து வந்த போன். அதற்கும் இடப்பக்கம் நான் ஏன் அந்த வேலைக்கு எழுதிப் போட்டேன் என்பது. பணத்துக்கா? இங்கே வருவதே போதும். முன்னேற்றத்துக்கா? ஜே படித்து நான் எந்தக் கோட்டையைப் பிடிக்கப்போகிறேன். இல்லை. நான் போகிறேன் என்று சொன்னால் அவர் என்ன சொல்லுவார் என்று கேட்பதற்குத்தான். அவ்வளவுதான். இந்த ஒன்று அக்காவின் கணக்கில் இல்லாதது, அக்கா ஒருநாளும் அவரை விட்டுவிட்டு எங்கேயும் கிளம்பியதில்லை, அவருக்குத் தெரிந்த பழைய பதில் எதுவும் இதற்குப் பொருந்தாது. முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்து, என்னிடம் பேச வேண்டியிருக்கும். போகாதே வசு. அந்த இரண்டு சொல் போதும். ஆதிரையை யார் பார்ப்பது என்று சொல்லக் கூடாது, அம்மா என்ன நினைப்பாள் என்று சொல்லக் கூடாது. நீ போகாதே, எனக்கு முடியாது. சொல்லிவிட்டால் இந்த மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, திங்கட்கிழமை பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டு, ஐயா, ஜே எனக்கு வராது என்று சொல்லிவிடுவேன், அவர் சிரித்தால் சிரிக்கட்டும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் போக வேண்டியதுதான். ஆதிரை இருக்கிறாளே. கட்டைவிரல் ஆடுவது நின்றுவிட்டது, நிஜமாகவே தூங்கிவிட்டாள் போலிருக்கிறது. வாய் கொஞ்சம் திறந்திருக்கும். பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. போகவில்லை. பார்த்தால் மாமாவிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

சோபா முனகியது. எழுந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, அக்காவின் படத்தைப் பார்த்து, மாலை கோணியிருப்பதைப் பார்த்து, எழுந்து போய் அதை நேராக்கிவிட்டு, பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"புடவ கட்டிக்கலயா வசு? வெளக்கேத்தற நேரம் ஆவுதே."

"கட்டிக்கறேன் மாமா." இப்போது இல்லை என்றால் எப்போதும் இல்லை. "மாமா, கொஞ்சம் ஒக்காருங்களேன். ஒரு விஷயம்."

உட்கார்ந்தார், எனக்கு எதிர் நாற்காலியில், புடவைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு. திரையில் ஆறு இன்னும் அப்படியே நிற்கிறது, எனக்கு மட்டும் தெரியும்படி.

"பெங்களூர்ல ஒரு வேல கெடச்சிருக்கு. நல்ல வேலதான். அங்கேயே போயி இருக்கற மாதிரி வரும். திங்கக்கெழம சொல்லணும்."

அவர் பையின் காதைச் சுருட்டினார், பிரித்தார், சுருட்டினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லு, சொல்லு, சொல்லேன், உன் வாயால் சொல்லு, என்று உள்ளே ஒருத்தி சட்டையை நீவுகிற மாதிரி அவரை நீவிக்கொண்டிருந்தாள். அவர் உதடு பிரிந்தது. கண் கலங்கிவிட்டது. ஐயோ, வந்துவிட்டது, சொல்லப்போகிறார் என்று நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்து உன்கிட்ட சொல்லியிருக்காளா?" என்றார். "அவளுக்கும் ஒரு தரம் பெங்களூர்ல கெடச்சுது. பெரிய ஸ்கூலு, டீச்சர் வேல. ஆதிரை பொறக்கறதுக்கு முன்ன. ரெண்டு வருஷம் போயிட்டு வந்துர்றேன்னு கெஞ்சுனா. நான்தான் விடல. போகாதன்னுட்டேன். அப்பறம் அவ அதப் பத்திப் பேசவே இல்ல. ஆஸ்பத்திரில கெடந்தாளே, அப்ப ஒருநா, ஜொரத்துல, ஸ்கூலுக்கு நேரமாச்சு, ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னா. அவ எந்த ஸ்கூலச் சொன்னான்னு எனக்குத் தெரியும் வசு. எனக்கு மட்டும்தான் தெரியும்."

அக்கா என்னிடம் சொல்லவில்லை. குறட்டையைச் சொன்னவள் இதைச் சொல்லவில்லை.

"உன்னத் தடுக்க மாட்டேன்" என்றார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. "போயிட்டு வா. என்னப் பத்தி, யாரப் பத்தியும் யோசிக்காத. உனக்கு எவ்வளவு ஆசன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்குப் பண்ணுனத இன்னொரு தரம் பண்ண மாட்டேன்."

"ஆதிரை?" என்றேன்.

"நான் பாத்துக்கறேன். அத்தைய கொஞ்ச நாளு இங்கயே இருக்கச் சொல்றேன். சனி ஞாயிறு நீ வந்துரு."

"நீங்க?"

"எனக்கென்ன" என்று சிரித்தார். "இருந்துக்குவேன்."

அந்த முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. கல்யாணத்தன்று இல்லை, தீபாவளிக்கு இல்லை. நாலு வருஷமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல்லை யாரோ இறக்கிவைத்துவிட்ட மாதிரி, தோள்கள் இரண்டும் தளர்ந்து, படத்தை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், இரண்டு பார்வையும் ஒன்றாக இருந்தது. அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறார். என் வாய்வழியாக வந்து கேட்டு, தன்னிடம் சரி வாங்கிக்கொண்டு, மன்னித்துவிட்டாள் என்று. இப்போது நான் மாமா, எனக்கு ஆசை இல்லை, எனக்குப் போக வேண்டாம், நான் அவள் இல்லை என்று வாயைத் திறந்தால் அந்தக் கல்லை எடுத்து மறுபடியும் அவர் நெஞ்சில் நானே வைக்க வேண்டும். வைக்கலாம். வைத்தால்தான் எனக்கு விமோசனம். ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன்.

அவர் அதற்குள் எழுந்துவிட்டார், சுறுசுறுப்பாக, பத்து வயது குறைந்தவராக. புடவைப் பையை என் கையில் வைத்தார்.

"நாளைக்கே போயி ஒரு நல்ல ஸ்வெட்டர் எடுத்துரலாம்" என்றார். "பெங்களூர் குளிரும். குளிர்ல உனக்கு ஒடனே மூக்கு அடச்சுக்குமே."

எனக்குக் குளிரில் மூக்கு அடைத்ததே இல்லை.

"ஆமா மாமா" என்றேன். "எடுத்துரலாம்."